ஆலைக்குப் பின்னால் ஒரு காடு

வணக்கம் நேயர்களே. மும்பையில் காட்கோபரைத் தாண்டியதும் வரும் ரயில் நிலையம் விக்ரோளி. நம் வீட்டுப் பீரோவிலும் பூட்டிலும் பார்த்துப் பழகிய கோத்ரெஜ் என்ற பெயர் அந்த ஊரெங்கும் இருக்கும். 1940களில் பிரோஜ்ஷா கோத்ரெஜ் அங்கே பெரிய அளவில் நிலம் வாங்கினார், அப்புறம் ஆலைகள் வந்தன, தொழிலாளர் குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் வந்தன. நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்காக 12 லட்சத்துக்கும் அதிகமான இரும்பு வாக்குப்பெட்டிகளைச் செய்து கொடுத்த ஊர் அது.

நான் இன்று பேச வந்தது அந்த ஊரின் காட்டைப் பற்றி. கிழக்கு விரைவு நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் ஆலைகள், அந்தப் பக்கம் தாணே கழிமுகம் வரைக்கும் அலையாத்திக் காடு. பெரும்பாலும் வெண்கண்டல் மரங்கள், நம் பிச்சாவரத்திலும் இருப்பவைதான். சேற்றுக்குள் காற்று கிடைக்காது என்பதால் வேர்கள் மேல்நோக்கி முளைத்து, பென்சில் நட்டு வைத்த மாதிரி வரிசையாக நின்று மூச்சு விடும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும், வெயிலில் இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். கடல் ஏறும்போது அலையின் வேகத்தை அடக்குவதும், இறங்கும்போது வண்டலைப் பிடித்து வைப்பதும் இந்த மரங்கள்தான்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மும்பை பார்த்துவிட்டது. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அன்று மித்தி ஆறு வீடுகளுக்குள் புகுந்ததற்கு மழை மட்டும் காரணமில்லை, ஆற்றோரச் சதுப்பையும் அலையாத்தியையும் மண் போட்டு நிரப்பியதும் காரணம். பெரிய அலுவலகங்கள் நிறைந்த பாந்த்ரா-குர்லா வளாகம் நிற்பதே அப்படி மேடாக்கிய நிலத்தில்தான்.

விக்ரோளிக் காடு தப்பித்ததற்கு, நிலத்தை வைத்திருந்தவர்கள் அதை அழிக்காமல் காத்தது பெரிய காரணம். அதற்கு மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் இத்தனை பெரிய நகரத்தின் வெள்ளத் தடுப்பு ஒரு குடும்பத்தின் நல்ல மனசை நம்பியே இருக்கலாமா? சட்டம் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரம் முழுக்க அலையாத்தியை அழிக்கக் கூடாது என்று 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பொது நலனுக்காக என்றால் மட்டும் அனுமதி பெற்று வெட்டலாம். அந்த வழியாகத்தான் 2022 டிசம்பரில் மும்பை-அகமதாபாத் புல்லட் ரயிலுக்காக மும்பை, தாணே, பால்கர் பகுதிகளில் சுமார் 22 ஆயிரம் மரங்களை வெட்ட அனுமதி கிடைத்தது. ரயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாணே கழிமுகத்துக்கு அடியில் சுரங்கமாகப் போவது நல்ல முடிவு. பதிலுக்கு வேறு இடத்தில் மரம் நடுவோம் என்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வேறு கடற்கரையில் நட்ட கன்று இந்தக் கரையின் வெள்ளத்தை எப்படித் தடுக்கும்?

மும்பைக்குப் போகிறவர்கள் நவம்பர் முதல் மே வரைக்குள் போனால், நவி மும்பையின் ஐரோலியில் வனத்துறை நடத்தும் கடலோரப் பல்லுயிர் மையத்துக்குப் போங்கள். படகில் கழிமுகத்துக்குள் கூட்டிப் போவார்கள், பூநாரைகளையும் இந்த மரங்களையும் பக்கத்திலேயே பார்க்கலாம். கடல் ஏறும் நேரத்தைப் பொறுத்துத்தான் படகு கிளம்பும், அதனால் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.