தலைக்கு ஒரு ஓமர்

நடுவர் அவர்களே, அன்றாடத் தேவைக்குக் கடவுளை நம்பினால் போதுமா, கையிருப்பும் வேண்டுமா என்பது தலைப்பு. போதும் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், பஞ்சம் வருமுன்னே எகிப்தில் தானியம் சேர்த்து வைத்த யோசேப்பின் களஞ்சியத்தை மேடையில் இறக்கி வைத்துவிட்டு, "நம்பிக்கை என்றால் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்ப்பதா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். பைபிளில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் தெரிந்த யாரும் அதற்குக் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் இரண்டாம் மாதம் 15-ஆம் தேதி சீன் வனாந்தரத்தில் பசி என்று முறுமுறுத்தார்கள். கடவுள் அனுப்பிய உணவு, மன்னா, வந்தது. வாய்க்குள் விழவில்லை, நடுவரே, தரையில் கிடந்தது! வெயில் ஏறினால் உருகிவிடும். காலையிலேயே குனிந்து பொறுக்கியாக வேண்டும். தலைக்கு ஒரு ஓமர், அதாவது எப்பா என்ற பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 2 லிட்டர். ஐந்து பேர் உள்ள கூடாரத்துக்கு 10 லிட்டர். அதை எந்திரக்கல்லில் அரைக்கணும், இல்லை உரலில் இடிக்கணும், அப்புறம் சட்டியில் சமைக்கணும். எண்ணாகமம் 11-இல் செய்முறையே இருக்கிறது. ருசி தேனிட்ட பணியாரம் போல இருந்ததாம். (சீனாய் வரைக்கும் நம் பணியாரத்தைக் கொண்டுபோன மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கும்பிடு.) இதிலே சோம்பேறி எங்கே இருக்கிறான்?

ஆறாம் நாள் மட்டும் தலைக்கு 2 ஓமர். "பார்த்தீர்களா, சேமிப்பு!" என்று எதிரணி துள்ளும். துள்ளட்டும். மற்ற நாளில் மிச்சம் பிடித்தவன் மறுநாள் காலையில் கண்டது புழுவும் நாற்றமும். ஆறாம் நாள் எடுத்து வைத்ததோ கெடவில்லை. மன்னா ஒன்றுதான். நாளைக்குக் கடவுள் தருவாரோ மாட்டாரோ என்ற பயத்தில் பதுக்கியது புழுத்தது. ஏழாம் நாள் ஓய்வுக்காக அவர் சொல்லி வைத்தது நின்றது. அந்த ஏழாம் நாளிலும் பொறுக்கப் போன சிலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். நம்மிலும் அப்படி ஆட்கள் உண்டு, பெயர் வேண்டாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஓமர் ஓர் அளவு. எதிரணி இவ்வளவு பேசியும், எவ்வளவு இருந்தால் பயம் போகும் என்று ஓர் அளவு சொன்னதா? மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கும் மீதியில்லை, குறைவாய்ச் சேர்த்தவனுக்கும் குறைவில்லை என்ற இடத்தைத்தான் எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை சேர்க்கும்போது அப்போஸ்தலர் பவுல் எடுத்துக்காட்டுகிறார், இரண்டாம் கொரிந்தியர் 8-இல்.

இனி யோசேப்பு. ஏழு விளைச்சல் ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தார். பஞ்சத்தில் உயிர் காத்தார். மறுக்கவில்லை. ஆனால் சாவி யார் கையில்? ஆதியாகமம் 47-ஐத் திறங்கள். தானியத்துக்காக எகிப்தியர் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், அப்புறம் ஆடுமாடுகளை, அடுத்த ஆண்டு நிலத்தையும் தங்களையுமே எகிப்து மன்னன் பார்வோனுக்கு விற்றார்கள். தப்பியது ஆசாரியர் நிலம் மட்டும். பிற்பாடு இஸ்ரவேலர் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்துக் கட்டிய பித்தோம், ராமசேஸ் என்ன பட்டணங்கள்? பண்டசாலைப் பட்டணங்கள்! களஞ்சியம் கட்டியே முதுகொடிந்தவர்களுக்குத்தான் மன்னா வந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்கிறேன். அடுத்து வருகிற எதிரணி நண்பர் எறும்பைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று தெரியும். எறும்பு இருக்கட்டும் ஐயா, அந்த 47-ஆம் அதிகாரத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.