சாம் லாங்ஃபர்ட் எங்கே போனார்?

அடுத்த கேள்வி ராயபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது. "எங்கள் தாத்தா அந்தக் காலத்து பாக்ஸர். பெரிய பட்டம் எதுவும் வாங்கவில்லை, இன்றைக்கு யாருக்கும் அவரைத் தெரியாது. இப்படிப்பட்டவர்களின் நினைவை எப்படிக் காப்பாற்றுவது?"

தம்பி, பட்டத்துக்கு மோதவே விடாமல் ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு. ஹெவிவெயிட், அதாவது அதிக எடைப் பிரிவு, உலகப் பட்டத்துக்கு அப்படி மோத விடப்படாதவர் சாம் லாங்ஃபர்ட். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பினத்தவர். ஐந்தரை அடியைக் கொஞ்சம் தாண்டிய உயரம்தான், ஆனால் ஹெவிவெயிட் வீரர்களையே சாய்த்தவர். 1906-ல் ஜாக் ஜான்சனிடம் 15 சுற்றும் நின்று தோற்றார். ஜான்சன் 1908-ல் உலகச் சாம்பியன் ஆனார், அப்புறம் லாங்ஃபர்டோடு மேடை ஏறவே இல்லை. வெள்ளைக்காரர்களில் பலர் கறுப்பரோடு மோத மாட்டோம் என்று கோடு போட்டிருந்தார்கள். அதனால் ஹாரி வில்ஸ் என்ற இன்னொரு கறுப்பின வீரரோடு பதினைந்து தடவைக்கு மேல் மோதினார். வேறு யார் வந்தார்கள்? 1922-ல், பார்வை பெரும்பாலும் போன நிலையில், டைகர் பிளவர்ஸை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தினார். அதே பிளவர்ஸ்தான் 1926-ல் மிடில்வெயிட், அதாவது நடுத்தர எடைப் பிரிவு, உலகச் சாம்பியன்.

பிறகு ஆளையே காணோம். 1944-ல் ஆல் லேனி என்ற பத்திரிகையாளர் நியூயார்க்கின் ஹார்லெமில் அவரைத் தேடி அலைந்தார். பல பேர், "அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சே" என்றார்கள். லேனி விடவில்லை. கடைசியில் ஒரு வாடகை விடுதியின் இருட்டறையில், இரண்டு கண்ணும் தெரியாமல், கையில் கொஞ்சம் சில்லறையோடு இருந்தவரைக் கண்டுபிடித்தார். லேனி எழுதியதைப் படித்துவிட்டு மக்கள் பணம் அனுப்பினார்கள். அதை வைத்து ஒரு நிதியே ஏற்படுத்தினார்கள். அதற்குப் பிறகு 12 வருஷம் வாழ்ந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கலங்கும். ஒருத்தர் இன்னும் நாலு கதவு தட்டியதால் நடந்தது இது.

நீங்களும் கதவைத் தட்டுங்கள். தாத்தாவோடு மோதியவர், கூடப் பயிற்சி எடுத்தவர் யாராவது இருந்தால், இந்த வாரமே போய் அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். எந்தப் பரம்பரை, யார் வாத்தியார், எந்த மைதானம் என்று கேளுங்கள். முக்கியமாக, தாத்தா தோற்ற சண்டைகளைப் பற்றியும் கேளுங்கள். அப்போதுதான் ஜெயித்தவர் பெயரும் கிடைக்கும். அவரும் ஏதோ ஒரு வீட்டுக்குத் தாத்தாதானே? அப்புறம், வீட்டில் உள்ள பழைய போட்டோக்களின் பின்பக்கம் யார் யார் என்று பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.