பென்ஷனுக்குப் பிறகு மிஷன் ஊழியம்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு கணவனும் மனைவியுமாக மிஷன் ஊழியத்துக்கு, அதாவது வெளியூர் போய்த் தங்கிக் கிறிஸ்தவப் பணி செய்யப் போவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நானும் என் வீட்டுக்காரரும் தெலங்கானாவில் தோர்ணக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள். "அங்கே தினமும் என்னதான் டீச்சர் செஞ்சீங்க?" என்று காய்கறிக் கடையில்கூடக் கேட்கிறார்கள். பெரும்பாலும் வீட்டில்தான் இருந்தோம். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். வயசான தம்பதிக்கு அதுதான் ஊழியம் என்பது என் கட்சி.

நம் பக்கத்துச் சபைகளுக்கு மிஷன் புதுசில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை மிஷனுக்கென்று கலயத்தில் எடுத்துப் போட்ட அம்மாமார் வளர்த்தது அது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1909-ல் தோர்ணக்கல் போனார், 1912-ல் பேராயர் ஆனார். இதெல்லாம் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். கூடவே போன மனைவி அன்பு அம்மாள், அங்கே ஊழியத்துக்குப் படிக்க வந்தவர்களின் மனைவிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். அதை யார் சொல்கிறார்கள்? எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எங்கள் கதைக்கு வருகிறேன். காலையில் ஜெபம், ஜெபம் முடிந்தால் மாத்திரை. எனக்கு சுகர், அவருக்குப் பிரஷர். அவருக்காகப் பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்றைக் கொண்டுபோயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்து பார்க்கையில் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கையை நீட்டினார். அடுத்து அவர் தங்கை. அப்புறம் தெருவே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கருவூலத்தில் வேலை பார்த்தவர், சும்மா இருப்பாரா? நீள நோட்டில் கோடு போட்டு, தேதி, பெயர், மேல் எண், கீழ் எண். கூடுதலாக இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். மருந்து நாங்கள் கொடுத்ததில்லை, அதை மறுபடியும் சொல்கிறேன், கொடுத்ததில்லை.

அந்தப் பாட்டிக்கு நோய் ஒன்றும் கிடையாது. 120, 80. இருந்தாலும் தினம் வருவார். பார்த்து முடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். மருமகள் சங்கதி, மிளகாய் விலை, முழங்கால் வலி. என் தெலுங்குக்குப் பாதிதான் புரியும். அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன். ஒருநாள் மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. இவர் கையை விரித்தார். பாட்டி கையை மடக்கவே இல்லை. சரியென்று பட்டையைச் சும்மா சுற்றிவிட்டார். "பீப்பீ எந்த உந்தி?" என்றார் பாட்டி, எவ்வளவு இருக்கிறதென்று. இவருக்கோ பொய்க் கணக்கு எழுதிப் பழக்கமில்லை. நோட்டைப் புரட்டி, நேற்றைய எண்ணை, நேற்றையது என்று சொல்லியே வாசித்தார். பாட்டிக்குப் பரம திருப்தி. உட்கார்ந்து மருமகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்று. வேலைக்குப் போன காலமெல்லாம் நாங்கள் முகம் பார்த்துப் பேசியது பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில்தான். அங்கே நாள் முழுக்க ஒரே அறை, மத்தியானம் கரண்டும் இருக்காது. சண்டை வரத்தான் செய்யும். தமிழில் போட்டாலும் தெருவுக்குப் புரிந்துவிடும். சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் கோங்கூரா பச்சடி கொண்டுவந்து, என்னைத் தாண்டிப் போய் அவர் கையில் கொடுப்பாள். தீர்ப்பு அவர் பக்கமாம்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. போக நினைப்பவர்களுக்கு நிறையச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். மாத்திரையைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றை இப்போது செல்போனிலேயே அனுப்பலாம், பேரப்பிள்ளைகளிடம் பழகிக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் முதன்முதலாகப் போய் இறங்காதீர்கள். ஆண்கள் சோறு வடிக்கவாவது படித்துக்கொண்டு கிளம்புங்கள். மற்றதை உங்கள் சேகரத்து ஐயரிடம், அதுதான் உங்கள் சபைப் போதகரிடம், கேளுங்கள். வணக்கம்.