வில்லின் கையில் பிறக்கும் இசை

நண்பர்களே, வணக்கம்.

தந்தி இசைக்குழுவுக்கு இசை எழுதப் போகிறவர் பெரும்பாலும் நேரே பியானோ முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பியானோவில் அழுத்திய சுரம் அந்த நொடியே தேயத் தொடங்கிவிடும். வில்லோ, பிறந்த சுரத்தை வளர்க்கும். நடுவழியில் அதன் நிறத்தையே மாற்றும். ஆகவே முதல் வரி எழுதும் முன்பே வாசிப்பவர்களைக் கூட்டி, அவர்களுடைய மனோதர்மத்துக்கு, அதாவது அந்த நேரத்துக் கற்பனைக்கு, இடம் கொடுங்கள்.

ஆனால், "இஷ்டம்போல வாசியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால், அவரவர் விரல் பழகிய தடத்திலேயே போகும். ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் நான்குக்கும் டி (D) என்ற சுரத்துக்குச் சுருதி சேர்த்த தந்தி உண்டு. எல்லோரும் அதை மட்டும், விரல் வைக்காமல் வாசிக்கட்டும். வில்லின் வேகம், அழுத்தம், இடம் மூன்றும் அவரவர் விருப்பம்.

ஒரே சுரத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும். டபுள் பேஸ் அடியில் ஒலிக்கும். செல்லோ அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. வயோலாவும் வயலினும் இன்னும் ஒரு ஸ்தாயி மேலே. ஒருவர் வில்லை மெல்ல, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையின் பக்கம் நகர்த்துகிறார். அதே சுரத்துக்குள் ஒளிந்திருக்கும் மேற்சுரங்கள் கூர்மையாகக் கிளம்புகின்றன. பக்கத்தில் இருப்பவர் அதைக் கேட்டு, தன் வில்லை விரல்பலகைப் பக்கம் ஒதுக்குகிறார். ஒலி மங்கி மென்மையாகிறது. யாரும் எழுதித் தராத உரையாடல் அது!

அதைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் அரை நிமிடம் தேறினால் போதும். எதை வைப்பது, எதை நீட்டுவது, எதன் பின்னால் எது வரவேண்டும் என்று முடிவெடுப்பதுதான் இசையமைப்பாளரின் வேலை.

இது புதிய வழியும் அல்ல. 1747-இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் கொடுத்த இசைக் கருவை, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹ் அங்கேயே மூன்று குரல் ஃபியூகாக (ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் வடிவமாக) வாசித்தார். அதே கருவின் ஆறு குரல் வடிவத்தை ஊர் திரும்பிய பிறகே எழுதினார்.

எழுதிய பிறகும் அந்த உயிர் தாளில் தங்குமா? தங்கும். போலந்து இசையமைப்பாளர் லூட்டோஸ்லாவ்ஸ்கி 1972-இல் முடித்த, 13 தனித் தந்திக் கருவிகளுக்கான படைப்பைப் பாருங்கள். சுரங்கள் எல்லாம் அவர் தீர்மானித்தவை. சில பகுதிகளில் வேகத்தை மட்டும் வாசிப்பவரிடமே விட்டுவிட்டார். பெரிய குழுவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. இத்தாலிய இசையமைப்பாளர் ஷெல்சி தன் கற்பனை வாசிப்பை டேப்பில் பதிந்து, வேறொருவரைக் கொண்டு நோட்டேஷனாக எழுத வைத்தார். 1988-இல் அவர் மறைந்த பிறகு, அந்த இசை யாருடையது என்று பெரிய சர்ச்சையே எழுந்தது. உங்கள் குழுவில் அந்தப் பேச்சை முதல் ஒத்திகையிலேயே பேசி முடித்துவிடுங்கள். யாருடைய அரை நிமிடம் ஸ்கோருக்குள் வந்ததோ, அவர் பெயர் அதன் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.