மதிப்புக் கொடுத்தவனுக்கே விசுவாசம்

நடுவர் அவர்களே, மட்டக்களப்பு வாசக உறவுகளே, வணக்கம்.

வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையைச் சொல்லும் நாவலை வாசித்துவிட்டு வந்திருக்கிறோம். வீரனின் விசுவாசம் தலைவன் மேல் வைத்த பக்தியால் பிறக்கிறதா, தலைவன் கொடுக்கும் மதிப்பால் பிறக்கிறதா? மதிப்பால்தான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தம்பி தெற்குப் படையின் தளபதி லீயைப் பற்றி உருகிப் பேசினார். 1863 ஜூலை 3 அன்று ஏறக்குறைய 12,500 பேர் அவர் சொல்லுக்காக ஒரு மைல் வெட்டவெளியில் பீரங்கிகளை நோக்கி நடந்தார்கள், இதைவிட விசுவாசம் உண்டா என்று கேட்டார். நடந்தார்கள், மறுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அவர்களில் பாதிக்கு மேல் செத்தோ காயப்பட்டோ பிடிபட்டோ போனார்கள். போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வாழும் ஊர் இது. இங்கே நின்று அந்தத் தொகையை ஒரு பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தாக்குதல் வெல்லாது என்று லீயின் கீழிருந்த லாங்ஸ்ட்ரீட் முன்கூட்டியே சொன்னார். லீ கேட்கவில்லை. பிறகு, தாக்கப் போகும் படையின் தளபதிகளில் ஒருவரான பிக்கெட் வந்து, முன்னேறலாமா என்று கேட்டபோது, லாங்ஸ்ட்ரீட்டுக்கு வாய் எழவில்லை. தலையை மட்டும் அசைத்தார். எல்லாம் முடிந்து, மிஞ்சியவர்கள் திரும்பி வந்தபோது, பிழை என்னுடையது என்றார் லீ. பெருந்தன்மைதான். ஆனால் காலையில் காது கொடுத்திருந்தால் மாலையில் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காதே!

சரி, கர்ணனுக்கு வருவோம். தம்பி செஞ்சோற்றுக்கடன் என்றார். நம்மூர் வடமோடிக் களரியில் கர்ணனைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சபையே குலம் கேட்டுச் சிரித்தபோது, துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்துப் பக்கத்தில் இருத்தினான். முதலில் வந்தது மதிப்பு. கடன் அப்புறம்தான் வந்தது. கர்ணன் எங்கள் அணி ஆள், நடுவர் அவர்களே!

இனி சேம்பர்லின். கல்லூரியில் பேச்சுக்கலை படிப்பித்தவர், வடக்கின் மெயின் மாநிலத்து இருபதாவது படைப்பிரிவில் சேர்ந்து அதன் தலைவரானவர். 1863 மே மாதம் கலகக்காரர் என்று சொல்லி ஏறக்குறைய 120 பேரை அவரிடம் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது மெயின் பிரிவின் ஆட்கள் அவர்கள். கூட வந்தவர்கள் இரண்டு வருடம் முடிந்து வீட்டுக்குப் போக, மூன்று வருடத் தாளில் கையெழுத்திட்ட இவர்களை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஏமாற்றப்பட்டோம் என்று கொதித்தார்கள். பணியாவிட்டால் சுடலாம் என்று உத்தரவு. சேம்பர்லின் காவலை எடுத்தார், பட்டினியாக வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார், குறையைக் கேட்டார், அவர்களுக்காக ஆளுநருக்குக் கடிதமும் எழுதினார். ஒரு சிலர் தவிர எல்லோரும் துவக்கைத் தூக்கினார்கள்.

ஜூலை 2, லிட்டில் ரவுண்ட் டொப் குன்று. வடக்கு அணியின் இடது கோடி அது. அங்கே உடைந்தால் முழு அணியும் ஆபத்தில். தோட்டா தீர்ந்துபோகிற நேரத்தில் துப்பாக்கி முனைக் கத்தியோடு கீழே பாய்ந்து தெற்கின் அலபாமாப் படையை விரட்டினார்கள். அதற்கு முன், அணியின் நடுவே சுற்றிலும் ஆள் குறைந்த வேளையிலும் கொடியை விடாமல் நின்று சுட்டவர் அன்ட்ரூ டோஸியர். அவரும் அந்த இரண்டாவது மெயினிலிருந்து வந்தவர்தான்.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் அக்கா ஒன்றுக்கு விடை சொல்லட்டும்: மே மாதம் கோபத்தோடு வந்து சேர்ந்தவர்கள், ஜூலையில் யார் மேல் பக்தி வைத்து அந்தக் குன்றில் நின்றார்கள்?