பந்து ஏன் வலப்புறம் வளைகிறது? கோல்ஃப் பழகத் தொடங்கியவர்களுக்கு

வணக்கம் உறவுகளே. கோல்ஃப் பழகத் தொடங்கிய சிலர், தங்கள் வீச்சில் என்ன பிழை என்று கேட்டுக் காணொளித் துண்டுகளை அனுப்புகிறார்கள். அவற்றில் பல, மட்டை பின்னோக்கி நகரும் கணத்தில் தொடங்கி, பந்தில் பட்டவுடன் முடிந்துவிடுகின்றன. நான் பார்க்க விரும்புவதோ அதற்கு முந்தைய சில வினாடிகளையும், பந்து பறந்துபோன வழியையும்தான். தொடக்கநிலைப் பிழைகளில் பெரும்பகுதி மட்டை அசைவதற்கு முன்பே, கை பிடித்த விதத்திலும் கால் ஊன்றிய விதத்திலும் உருவாகிவிடுகிறது என்பது என் கருத்து. இன்று வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்துப் பேசுகிறேன். இடக்கைக்காரர்கள் திசைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்லைஸ், அதாவது பந்து வலப்புறமாக வளைந்து ஓடுவது. கொழும்பில் ஸ்லைஸ் அடிப்பவருக்குப் பொறுப்பு கொஞ்சம் கூடுதல். ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879 இல் உருவானபோது ஆட்டம் நடந்தது காலி முகத்திடலில். 1896 இல் பொரளைப் பக்கம் இடம்பெயர்ந்த அதன் திடலை இன்று நகரம் நெருங்கி நிற்கிறது. திடலின் ஊடாகவே களனிவெளி புகையிரதப் பாதை செல்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் தவறிய பந்து எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே பந்து ஆட்களை நோக்கித் திரும்புவது தெரிந்ததும் ‘ஃபோர்’ என்று உரக்கக் கத்துவதை, மட்டையைப் பிடிக்கக் கற்பதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

ஸ்லைஸைத் திருத்த, பந்து எங்கே போய் விழுந்தது என்பதை விட, எந்தத் திசையில் புறப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் தட்டையான பக்கம், பார்த்திருக்கும் திசை. பிறகு அது வளைவது, அந்த முகத்துக்கும் மட்டை பயணிக்கும் பாதைக்கும் இடையே உள்ள வேறுபாட்டால். பந்து வலப்புறமாகவே புறப்பட்டு இன்னும் வலப்புறம் வளைந்தால், முகம் நன்றாகத் திறந்திருக்கிறது, அதாவது இலக்கை விட்டு வலப்புறம் பார்க்கிறது, பிடியைப் பாருங்கள். நேராகவோ இடப்புறமாகவோ புறப்பட்டுப் பிறகு வலப்புறம் திரும்பினால், மட்டை, பந்திலிருந்து இலக்குக்குப் போகும் கோட்டின் வெளிப்பக்கத்திலிருந்து உங்கள் பக்கமாக உள்நோக்கி வெட்டிக்கொண்டு வருகிறது. அப்போது பாதையைப் பாருங்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் பந்து நேராவதில்லை.

பிடியைப் பொறுத்தவரை, மென்பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. துடுப்பைப் பிடிப்பது போலவே கோல்ஃப் மட்டையையும் இடது உள்ளங்கையின் குறுக்கே ஆழமாக வைத்து இறுக்கிவிடுகிறார்கள். அப்படிப் பிடித்தால் மணிக்கட்டு எளிதில் மடங்காது. பந்தைத் தொடும்போது முகம் திறந்தே வரும். வாளியைத் தூக்கும்போது அதன் கைப்பிடி விரல்களில் தங்குவதைப் போல, இடக்கையில் மட்டை விரல்களின் அடிப்பகுதியில் தங்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான கோடு வலது தோள் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். வலக்கையின் உள்ளங்கை இடது பெருவிரலை மூடிக்கொள்ளும். வலக்கையின் சின்னவிரலை இடக்கையின் சுட்டுவிரல் மேலே வைப்பதா, அதனோடு கோர்ப்பதா என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான ஜாக் நிக்லஸும் டைகர் வூட்ஸும் கோர்த்துப் பிடித்தார்கள், வேறு பலர் மேலே வைத்து வென்றார்கள்.

நமது புழுக்கத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வியர்வையில் பிடி வழுக்க, நாம் அறியாமலே இறுக்குகிறோம். இறுக்கம் முன்கைக்கும் தோளுக்கும் ஏற, மட்டையின் முகம் திரும்ப மறுக்கிறது. ஒரு துவாயையும் மாற்றுக் கையுறையையும் பையில் வைத்திருங்கள். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அவ்வளவு சிறிய பொருளை அடிக்க முழுப் பலத்தோடு பிடிக்க வேண்டிய தேவை இல்லை.

பாதையைத் திருத்துவதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பந்துக்குச் சற்றுப் பின்னால், உங்களிடமிருந்து தள்ளி, இலக்குக் கோட்டுக்கு வெளிப்பக்கமாகப் படுக்க வையுங்கள். வெளியிலிருந்து உள்ளே வெட்டுபவரின் மட்டை முதலில் போத்தலைத்தான் தட்டும். அதைத் தவிர்க்க வேண்டுமானால், வீச்சின் உச்சியிலிருந்து வலது தோளை முன்னே எறிவதை நிறுத்தி, எடையை இடது காலுக்கு மாற்றியபடி இறங்கத் தொடங்க வேண்டும். தொடக்கத்தில் அரை வேகத்தில் செய்யுங்கள். பந்து வலப்புறம் போகிறதே என்று உடலை இடப்புறமாகத் திருப்பி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அப்படி நின்றால் பாதை இன்னும் இடப்புறமாகி, வளைவு கூடத்தான் செய்யும்.

இந்தப் பயிற்சிகளை, தொலைதூரம் அடிக்கும் நீண்ட மட்டையான டிரைவரில் தொடங்க வேண்டாம். அதன் முகத்தில் சாய்வு மிகக் குறைவு. சாய்வு குறையக் குறைய, அதே அளவு பிழை பந்தைக் கூடுதலாக வளைக்கும். ஏழாம் இலக்க அயர்ன், அதாவது நடுத்தர நீளமும் கூடுதல் சாய்வும் உள்ள மட்டை, பொறுமையானது, அதிலேயே இருங்கள்.

அடுத்தது, பந்தின் தலையில் மட்டை பட்டு அது தரையோடு உருண்டோடுவது. பக்கத்தில் நிற்பவர் உடனே ‘தலையைத் தூக்கிவிட்டாய்’ என்பார். எனக்கு அந்த அறிவுரையில் நம்பிக்கை இல்லை. தலையைக் கீழேயே அழுத்தி வைத்திருப்பவரால் உடலைத் திருப்ப முடியாது; எடை வலது காலிலேயே தேங்கிவிடும். உண்மையில் பல நேரங்களில் நடப்பது வேறு. பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் ஆட்டக்காரர் பின்னால் சாய்கிறார், அல்லது கைகளை மடக்கி உடலோடு இழுத்துக்கொள்கிறார். மட்டை தனது தாழ்ந்த புள்ளியைப் பந்துக்கு முன்பே அடைந்து, மேலேறும் வழியில் பந்தின் உச்சியைத் தட்டுகிறது. அதே காரணத்தால் சற்று ஆழமாக இறங்கினால் மண்ணை முதலில் தோண்டுகிறது. பந்தை உயர்த்தும் வேலையை முகத்தின் சாய்வு பார்த்துக்கொள்ளும். அதற்குத்தான் அது இருக்கிறது.

கல்கிசைக் கடற்கரை போன்ற மணற்பரப்பில், ஆள் இல்லாத நேரத்தில், பந்தில்லாமல் இதைப் பழகலாம். மணலில் ஒரு கோடு கீறி, அது உங்கள் நெஞ்சின் நடுவுக்கு நேரே வரும்படி நின்று, மட்டை கோட்டைத் தாண்டிய பிறகே மணலைத் தொடும்படி வீசுங்கள். முடிவில் எடை முழுவதும் இடது காலில் இருக்க வேண்டும், வலது குதிகால் எழுந்திருக்க வேண்டும், இடுப்பு இலக்கைப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் மூன்று வினாடி ஆடாமல் நிற்க முடியவில்லை என்றால், எடை இன்னும் பின்னாலேயே இருக்கிறது. பயிற்சித் திடல்களில் விரித்திருக்கும் ரப்பர் பாய் இந்த உண்மையை மறைத்துவிடும். முன்கூட்டியே தரையில் பட்ட மட்டை அங்கே வழுக்கிச் சென்று பந்தை ஓரளவு நன்றாகவே அடித்துவிடும். மழைக்குப் பின் ஊறிய புல்லில் அதே வீச்சு மண்ணுக்குள் புதைந்துவிடும்.

பந்து மட்டையின் கழுத்தில், அதாவது தலையும் தண்டும் சேரும் இடத்தில், பட்டுப் பக்கவாட்டில் தெறிப்பதைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். எடை கால்விரல் பக்கம் சரிகிறதா, பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் பயிற்றுநரிடம் நேரில் காட்டுவதே நல்லது. அதற்கு முன்பாகக் கைபேசியைக் கையின் உயரத்தில் வைத்து, ஒரு முறை எதிரிலிருந்தும் ஒரு முறை இலக்குக் கோட்டின் பின்னாலிருந்தும் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை எனக்கு அனுப்பும்போதும் அந்த இரண்டு கோணங்களையும், நீங்கள் பிடியை அமைக்கும் பகுதியையும் சேர்த்தே அனுப்புங்கள்.