மலை எல்லைக்கு வேலி போட முடியுமா? கம்பி, கணக்கு, காவல்

[காட்சி: ஹப்புத்தளைக்கும் தம்பேதன்னைக்கும் நடுவே ஒரு தேயிலை மலை. மூட்டம் பள்ளத்திலிருந்து மேலே ஏறுகிறது.]

இலங்கைக்குத் தரைவழி எல்லை கிடையாது. ஆனால் சரிவு என்றால் என்னவென்று மலையகத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் விரலகலம் தெரிகிற தூரத்தை நடந்து ஏற அரை நாள் போகும். அதனால்தான் இந்தக் கேள்வியை இந்த மலையில் வைத்தே பார்க்கிறோம்: ஆயுதக் குழுக்கள் கடந்து வராமல் தடுக்க, மலைமேல் போகிற ஒரு நாட்டு எல்லைக்கு வேலி போட முடியுமா?

போட்டிருக்கிறார்கள். பாகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவே 1893இல் கீறப்பட்ட டூரண்ட் கோடு ஏறக்குறைய 2,600 கிலோமீற்றர் நீளம். அதில் பாகிஸ்தான் 2017இல் வேலி வேலையைத் தொடங்கியது. இரண்டு வரிசைக் கம்பி வலை, நடுவே ஏறக்குறைய 2 மீற்றர் இடைவெளி, அந்த இடைவெளி நிறையச் சுருள் முள்ளுக்கம்பி. காஷ்மீரில் இந்தியாவும் பாகிஸ்தானும் முகம்பார்த்து நிற்கிற கட்டுப்பாட்டுக் கோடு 740 கிலோமீற்றர். அதில் சுமார் 550 கிலோமீற்றருக்கு இந்தியா வேலி கட்டியிருக்கிறது.

ஆகவே கட்ட முடியுமா என்பதில் சந்தேகம் இல்லை. கட்டிய வேலி என்ன வேலை செய்கிறது, அதை நிற்க வைக்க எவ்வளவு ஆகும், இவைதான் கேள்வி.

[காட்சி: அதே சரிவின் மேல் வெள்ளைக் கோட்டால் வேலி வரையப்படுகிறது.]

கணக்கைத் தூணிலிருந்து தொடங்குவோம். 35 பாகைச் சரிவு என்று வையுங்கள். வரைபடத்தில் 1 கிலோமீற்றர் என்றால் தரையில் 1.22 கிலோமீற்றர். 3 மீற்றருக்கு ஒரு தூண் வீதம் ஒரு வரிசைக்கு 400க்கு மேல், இரண்டு வரிசைக்கு 800க்கு மேல். ஒவ்வொரு தூணுக்கும் 30 சென்ரிமீற்றர் சதுரத்தில் 75 சென்ரிமீற்றர் ஆழக் குழி. அதை நிரப்பும் கொங்கிரீட் 160 கிலோ. மொத்தம் 130 தொன். சீமெந்து மட்டுமே 350 மூட்டை.

பாதை இல்லாத மலைமுகட்டுக்கு இதைக் கொண்டுபோவது கோவேறு கழுதையும் மனிதத் தோளும்தான். ஒரு கழுதை 70 கிலோ சுமக்கும் என்றால் 1,850 நடை. 20 கழுதைகள் நாளுக்கு இரண்டு நடை போனால் கொங்கிரீட்டுக்கு மட்டும் ஒன்றரை மாதம். கல்லை அங்கேயே உடைத்துக்கொள்ளலாம். மணல் முகட்டில் கிடைக்காது, தண்ணீரும் கிடைக்காது. இதற்கு மேலே இரும்புத் தூண் 20 தொன்னுக்குக் குறையாது, வலை வேறு, சுருள் கம்பி வேறு. ஹெலிகொப்டர் உதவும்; ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து அதன் சுமையும் குறைந்துவிடும். கம்பியின் விலையை வைத்து மலை வேலிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். செலவு கம்பியில் இல்லை, தூக்குக்கூலியில் இருக்கிறது.

[காட்சி: ஒருவர் அலவாங்கால் குழி தோண்டுகிறார். பக்கத்தில் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு.]

தூண் நடுவதில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, குழியின் ஆழத்தை மேட்டுப் பக்கத்திலிருந்து அளப்பது. சரிவில் தூணைத் தாங்குவது பள்ளத்துப் பக்க மண். அங்கிருந்துதான் 75 சென்ரிமீற்றர் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மழைக்குள் தூண் பள்ளத்தைப் பார்த்துச் சாயும்.

இரண்டாவது, தூணைச் சரிவுக்குச் செங்குத்தாக நடுவது. தூக்குக்குண்டு காட்டுகிற நேரில்தான் தூண் நிற்க வேண்டும்.

மூன்றாவது, வலையைப் படிக்கட்டு மாதிரித் துண்டு துண்டாகக் கட்டுவது. 35 பாகையில் 3 மீற்றர் கிடையாகப் போனால் தரை 2.1 மீற்றர் இறங்கிவிடும். மட்டமாகக் கட்டிய துண்டின் அடியில் ஆள் நிமிர்ந்தே போகக்கூடிய முக்கோண வாசல் திறந்துகிடக்கும். வலையைச் சரிவோடு சாய்த்துக் கட்டினால் அந்த வாசல் வராது. ஆனால் அப்போது வலையின் இழுவை முழுவதும் கீழ்நோக்கிப் போகும். சுமார் 30 மீற்றருக்கு ஒரு முட்டுத்தூணும், சரிவு மாறுகிற ஒவ்வொரு முனையிலும் இன்னொன்றும் வேண்டும்.

பாறையில் குழி வெட்டக்கூடாது. துளையிட்டு, இரும்பை இறக்கி, சுருங்காத சீமெந்துக் கலவையை ஊற்ற வேண்டும். வேலி முழுக்க இரும்பு என்பதால் முகட்டில் இடிக்கு அதுதான் முதல் இலக்கு. இடியின் மின்னை மண்ணுக்குள் இறக்கும் நிலத்தொடுப்பு அடிக்கடி வேண்டும், காய்ந்த பாறையில் அது நன்றாகப் பிடிக்காது.

[காட்சி: மழைக்காலம். தேயிலை மலையின் கான் (வடிகால்) நிரம்பிச் செந்தண்ணீர் பாய்கிறது.]

தோட்டத்தில் கான் வெட்டுவது ஏன்? தண்ணீருக்கு நாம் வழி விடாவிட்டால் அது தானே வழி வெட்டிக்கொள்ளும். வேலிக்கும் அதுதான் நியாயம். ஓடையின் குறுக்கே வலையைக் கட்டினால் முதல் வெள்ளத்தில் இலை, கொப்பு, கல் எல்லாம் வலையில் அடைத்து, வலை அணைக்கட்டாக மாறும். பிறகு ஐம்பது மீற்றர் வேலியோடு சேர்த்து அடித்துக்கொண்டு போகும். ஓடையில் வைக்க வேண்டியது மேலே கீல் போட்டுத் தொங்கவிட்ட இரும்புப் படல். வெள்ளம் வந்தால் தூக்கிக்கொடுக்கும், வடிந்ததும் இறங்கும். வெள்ளத்தின் போது அது திறந்தே இருக்கும் என்பதால் ஓடைக்குத் தனிக் காவல் வேண்டும்.

மண்சரிவுக்கு மருந்து இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியபோது தொழிலாளர் லயங்களே மண்ணுக்குள் போயின. அந்த மாதிரி நகர்கிற மண்ணில் எந்தத் தூணும் நிற்காது. சரிவு அபாயம் உள்ள பகுதியைச் சுற்றிப்போவது மட்டுமே வழி. வேலிக் கோடு எல்லையிலிருந்து உள்ளே தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

நமக்குப் பழக்கமில்லாதது வெண்பனி. காஷ்மீரில் பனி வேலியை மூடுவதோடு நிற்பதில்லை. மெல்ல மெல்லக் கீழ்நோக்கி ஊர்ந்து தூண்களை வளைத்துவிடும். பனிச்சரிவு வந்தால் ஒரு முழுப் பகுதியே காணாமல் போகும். 3 மீற்றர் வேலி 3 மீற்றர் பனிக்குள் புதைந்தால் அதன் மேலேயே நடந்து போகலாம். அதனால் வடக்குக் காஷ்மீரின் உயரமான பகுதிகளில் ஒவ்வொரு கோடையிலும் வேலியைத் திரும்பக் கட்டுகிறார்கள். இது பழுதுபார்ப்பு என்று சொல்லிக்கொள்கிற அளவு சின்ன வேலை இல்லை.

[காட்சி: இரவு. மலைமுகட்டில் ஒரு காவலரண் விளக்கு. தொலைவில் இன்னொன்று.]

இப்போது சாரமான இடத்துக்கு வருகிறோம். வேலி யாரையும் நிறுத்துவதில்லை. தாமதப்படுத்துகிறது. வெட்டும் கருவியும் பழக்கமும் உள்ளவனுக்கு இரண்டு வரிசையையும் நடுச் சுருளையும் கடக்கப் பத்து நிமிடம் என்று வைப்போம். காவலரண்கள் 3 கிலோமீற்றருக்கு ஒன்று. நடுவிலே வெட்டினால் சிப்பாய் 1.5 கிலோமீற்றர் வர வேண்டும். 1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றைக்கும் மலையேறுபவர்கள் பாவிக்கிறது: மணிக்கு 5 கிலோமீற்றர், அதோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலதிகமாக ஒரு மணி. 300 மீற்றர் ஏற வேண்டியிருந்தால் மொத்தம் 48 நிமிடம். பகலில், நல்ல பாதையில், சுமை இல்லாமல்.

பத்து நிமிடத் தடைக்கு 48 நிமிடத்தில் ஆள் வந்தால் அவன் பார்ப்பது வெட்டிய கம்பியை மட்டும். எனவே ஆளை வேலிக்கு வந்தபிறகு அல்ல, வருவதற்கு அரை மணிக்கு மேல் முன்னரே காண வேண்டும். வெப்பம் காணும் கமெரா, காலடியின் அதிர்வை நிலத்தில் பிடிக்கும் உணரி எல்லாம் அதற்காகத்தான். ஆனால் மடிப்பு மடிப்பான மலையில் ஒரு கமெராவுக்குப் பத்து மறைவிடம் இருக்கும். மூட்டம் இறங்கினால் வெப்பக் கமெராவின் பார்வையும் சுருங்கிவிடும். வேலியில் மின்கம்பியும் ஓடினால், மானாப்புல் வளர்ந்து அதைத் தொட்டால் மின் கசிந்து பொய் எச்சரிக்கை. ஒரு இரவில் இருபது பொய் எச்சரிக்கை வந்தால் இருபத்தோராவதுக்கு யாரும் எழும்பமாட்டார்கள்.

வேலி உண்மையில் வேலை செய்த இடமும் உண்டு. 1957இல் அல்ஜீரியாவின் துனிசிய எல்லையில் பிரெஞ்சு இராணுவம் 5,000 வோல்ற்று மின்வேலியும் கண்ணிவெடி வயலும் போட்டது. துனிசியாவிலிருந்த அல்ஜீரிய விடுதலைப் போராளிகளின் பெரும்பகுதி உள்ளே வர முடியாமல் அங்கேயே முடங்கியது. அதன் பின்னால் ஏறக்குறைய 80,000 சிப்பாய்கள் நின்றார்கள். அந்தப் போரை பிரான்ஸ் வெல்லவில்லை. 1962இல் அல்ஜீரியா சுதந்திரமானது.

[காட்சி: எல்லை வாசல் ஒன்றில் பாரவூர்திகளும் நடந்துவருபவர்களும் வரிசையில்.]

ஆட்களைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. டூரண்ட் கோட்டின் பெரும்பகுதியில் இரு பக்கமும் ஒரே பஷ்தூன் இனக்குழுக்கள், ஒரே உறவுமுறை. 1947இல் பாகிஸ்தான் உருவான பிறகு எந்த ஆப்கான் அரசும் அந்தக் கோட்டை முறையான எல்லையாக ஏற்கவில்லை. 2021 டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹாரில் தலிபான்கள் அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிந்தார்கள். 2023 செப்டெம்பரில், வேலியின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகு, பாகிஸ்தானின் சித்ராலில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் காவலரண்களைத் தாக்கினார்கள். காஷ்மீரில் வேலி கோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் சில கிராமங்கள் வேலிக்கு வெளியே அகப்பட்டன. அங்குள்ளவர்கள் சொந்த நாட்டுக்குள் வர வாசலில் அடையாள அட்டை காட்டுகிறார்கள். இரவில் வலி வந்த கர்ப்பிணிக்கு அந்த வாசல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் வேலித் திட்டத்தில் எழுத வேண்டும். புது ஆள் யார் வந்தாலும் முதலில் காண்பது ஆடு மேய்ப்பவர். அவரைப் பகைத்துக்கொண்ட வேலிக்கு எந்தக் கமெராவும் ஈடாகாது.

[காட்சி: மலை வரைபடத்தில் கணவாய்கள் மட்டும் சிவப்பாகத் தெரிகின்றன.]

எங்கள் முடிவு இது. முகடு முழுவதும் தொடர்வேலி வீண். கணவாய், ஆற்றுப் பள்ளத்தாக்கு, கழுதை போகக்கூடிய தடம், இவற்றை உள்ளூர்க்காரரோடு ஒரு கோடை முழுக்க நடந்து குறித்துக்கொள்ள வேண்டும். வேலி அங்கே மட்டும், காவலரணிலிருந்து துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. செங்குத்துப் பாறையைப் பாறையே காக்கட்டும். அதற்கு மேலிருந்து பார்க்கிற ஆள் போதும். ஒவ்வொரு பகுதிக்கும் பனி விழுமுன் பத்தில் ஒரு பங்கு தூண், வலை, சுருள் கம்பி, இழுவைக் கருவி, சீமெந்து எல்லாம் முகட்டுக் களஞ்சியத்தில் ஏற்றியிருக்க வேண்டும். சீமெந்தைத் தரையில் வைக்காதீர்கள். பலகை அடித்து, மேலே தார்ப்பாய் மூடி வையுங்கள். ஈரக்காற்றில் மூன்று மாதம் கிடந்த மூட்டை கட்டியாகிவிடும்.